தி.நகர் ஹெரிடேஜ் வாக்: தண்டவாளத்தோடு நின்றுபோன நடை

தி.நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்துகிற ஒரு ஹெரிடேஜ் வாக்குக்குப் போன வாரம் நானும் என் மகளும் போய்வந்தோம். ஆளுக்கு 600 ரூபாய், காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, நடுவில் ஒரு காபி. நடத்துகிறவர்கள் பெயரை இங்கே போடப்போவதில்லை, ஏனென்றால் குறைகளும் எழுதியிருக்கிறேன், வளர்ந்துவருகிற ஒரு பையனின் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை. எப்படியும் பனகல் பார்க்கில் தொடங்கி ரங்கநாதன் தெருவில் முடிகிற வழிதான் இந்த நடைக்கு எல்லாரும் போடுகிற வழி, அதனால் யாரோடு போனாலும் இதில் பாதியாவது உங்களுக்கு உதவும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் மேற்கு மாம்பலத்துக்காரி. பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போகும் வரை இருபத்தாறு வருஷம் அங்கேதான். எங்கள் வீட்டில் தி.நகருக்கு "அந்தப் பக்கம்" என்றுதான் பெயர். "அந்தப் பக்கம் போனா ரிப்பன் வாங்கிண்டு வா" என்பார்கள். நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை மட்டும்தான், ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்களைப் பார்த்து "ஓ, மாம்பலமா" என்று கேட்கிற தொனியில் கொசுக்கடி, சாக்கடை எல்லாம் சேர்ந்து வரும். ஆகவே என் மதிப்புரையில் கொஞ்சம் பழைய கணக்கும் இருக்கும், படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பதிவு செய்வது சுலபம், பணம் கட்டினதும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் முந்தின நாள் ராத்திரி பதினொன்றே காலுக்கு "நாளை 6.15க்கே தொடங்குகிறோம்" என்று ஒரு செய்தி போட்டால் அதை யார் பார்ப்பார்கள்? நாங்கள் ஆறு இருபத்தைந்துக்குப் போய் நிற்கும்போது பேச்சு பாதி ஓடிவிட்டிருந்தது. பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று போட்டிருந்தார்கள், எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு தலை. காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். என்னுடையது நன்றாக இருந்தது, மகளுடையது பாண்டி பஜார் வருவதற்குள் உயிரை விட்டது, அப்புறம் என்னுடையதையே மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டோம்.

சரி, கைடு. இருபத்தெட்டு வயது இருக்கும், நல்ல குரல், கையில் லாமினேட் செய்த பழைய வரைபடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒருவரிடம் "இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் "பனகல் பார்க்" என்றார். "இல்ல சார், ஏரிக்குள்ள நிக்கிறீங்க." கொஞ்சம் நாடகம்தான், ஆனால் அந்த ஒரு வரிக்கே எனக்கு 200 ரூபாய் வசூலாகிவிட்டது.

ஏரி என்றால் சும்மா குளம் குட்டை இல்லை. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து ஒரே நீட்டாகக் கிடந்தது, வெள்ளைக்காரன் அதற்கு லாங் டேங்க் என்றே பெயர் வைத்தான். சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து நுங்கம்பாக்கம் வரைக்கும், ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். அதில் துரைமார்கள் படகுப் போட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அதே இடத்தில் ஒரு ஆட்டோவை அரை கிலோமீட்டர் நகர்த்துவதற்குள் டிரைவர் நம் பூர்வீகம் முழுவதையும் விசாரித்துவிடுகிறார். கைடு வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, ஏரியின் நீல நிறத்தின் மேல் விரலை வைத்து, "இது நந்தனம், இது பாண்டி பஜார், இது வள்ளுவர் கோட்டம்" என்று ஓட்டிக்காட்டினார். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகையில்தான் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று இன்னும் முகவரி எழுதுகிறோமே, அந்த லேக்கும் டேங்க்கும் இதுதான். இத்தனை வருஷம் அந்தப் பெயரை எழுதிய கையால் ஒருநாள்கூட எந்த ஏரி என்று நான் யோசித்ததில்லை.

ஏன் ஏரியை மூடினார்கள் என்பதையும் நன்றாகவே சொன்னார். 1921 கணக்கெடுப்பில் மெட்ராஸ் ஜனத்தொகை சுமார் 5.27 லட்சம், அடுத்த பத்து வருஷத்தில் அது 6.47 லட்சம் ஆகிறது. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் பிதுங்குகின்றன, ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த குமாஸ்தாவுக்கும் வக்கீலுக்கும் வீடு இல்லை. 1920இல் நகரமைப்புச் சட்டம் வருகிறது, அதே வருஷக் கடைசியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வருகிறது, 1923 வாக்கில் ஏரியை வடித்து மனை போடும் வேலை ஆரம்பம். அதுவரை மாம்பலம் என்பது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகாவில் ஒரு கிராமம். அங்கே போட்ட புது ஊரின் நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து கை விரித்த மாதிரி நாலாபக்கமும் அகலமான சாலைகள். காகிதத்தில் பார்த்தால் அழகுதான். பூங்காவின் ஒரு பக்கத்தை இப்போது மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள், அந்தத் தகரத்தின் ஓரமாக நின்றுதான் இதையெல்லாம் கேட்டோம், பின்னால் ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மண்ணுக்கடியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அந்த இன்ஜினியர்களைக் கேட்டால் ஏரியைப் பற்றி நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர்க் கதைகள்தான் இந்த நடையின் பலமான பகுதி. தி.நகரில் நடப்பது நீதிக்கட்சியின் உறுப்பினர் பட்டியலின் மேல் நடப்பது மாதிரி. 1916இல் கட்சியைத் தொடங்கிய மூவரில் பிட்டி தியாகராயர் ஊரின் பெயரிலேயே இருக்கிறார், நடேச முதலியார் வெங்கடநாராயணா சாலையில் பூங்காவாக இருக்கிறார், டி.எம். நாயர் சாலையாக இருக்கிறார். பனகல் ராஜா நடுவில் பூங்கா. உஸ்மான் ரோடு முகமது உஸ்மான், இவர் 1934இல் சில மாதம் தற்காலிக கவர்னராக இருந்தவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். ஹபிபுல்லா ரோடு, பசுல்லா ரோடு எல்லாம் அப்படித்தான். ஒரு வட்டாரத்தில் இத்தனை முஸ்லிம் பெயர்களும் இத்தனை செட்டியார், முதலியார் பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அந்தக் காலத்து அரசியல் கூட்டணியின் படம்தான் என்று கைடு சொன்னது எனக்குப் பிடித்தது, இப்படி நான் பார்த்ததில்லை. இதில் இன்னொரு கூத்து: எழுபதுகளின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னபோது ஜி.என். செட்டி ரோட்டின் பலகையில் செட்டி போனார், கடைகளின் பலகைகளில் அவர் நகரவே இல்லை, ஆட்டோக்காரர் வாயிலும்தான். போக் ரோடு சிவாஜி கணேசன் சாலை ஆனது, ஹென்ஸ்மன் ரோடு கண்ணதாசன் சாலை ஆனது. துரைகள் இறங்கினார்கள், சினிமாக்காரர்கள் ஏறினார்கள், நடுவில் நீதிக்கட்சிக்காரர்கள் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

தியாகராயரைப் பற்றி ஒரு தகவல் சொன்னார், அது என் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1920 தேர்தலில் கட்சி ஜெயித்ததும் முதல் மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டார். வெள்ளுடை வேந்தர் என்று சும்மா சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே தம்பி சறுக்கினார், "அதனால பனகல் ராஜாதான் நம்ம முதல் முதலமைச்சர்" என்றார். இல்லை. முதலில் வந்தவர் சுப்பராயலு ரெட்டியார், உடம்பு முடியாமல் சில மாதத்தில் விலகினார், அப்புறம் 1921இல்தான் பனகல் ராஜா. நான் மெதுவாகச் சொன்னேன், அவர் "ஆமா மேடம், ஷார்ட்டா சொல்றதுக்காக" என்றார். சுருக்கலாம் தம்பி, ஆளையே விழுங்கிவிடக் கூடாது. ரெட்டியார் பெயரில் இங்கே ஒரு சந்துகூட இல்லாததால்தான் எல்லாரும் மறந்துவிட்டார்களோ என்னவோ.

பாண்டி பஜார் கதையை அவர் சொன்ன விதம் பிரமாதம். "பாண்டிச்சேரிக்காரங்க கடை போட்டதால பாண்டி பஜார்னு எத்தனை பேர் நினைச்சிருக்கீங்க?" என்று கேட்டார், இருபத்திரண்டில் பதினேழு கை தூக்கியது, என் மகளுடையதும் சேர்த்து. பாண்டி என்பது பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சுயமரியாதை இயக்கத்தின் பெரிய தலைவர், 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டேன் என்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டவர். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்கிற முழுப்பெயரை யார் கூப்பிடுகிறார்கள், பாண்டி பஜார் என்று சுருக்கி, கடைசியில் புதுச்சேரிக்கு அனுப்பிவைத்துவிட்டோம். வளையலும் க்ளிப்பும் பேரம் பேசிய தெருவுக்குப் பின்னால் இப்படி ஒரு மனுஷர் இருக்கிறார் என்று பாட்டிகூட எனக்குச் சொன்னதில்லை. 2019 நவம்பரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்களே, அதன் பெஞ்சுகளில் உட்காரவைத்துத்தான் இதைச் சொன்னார், காலை ஏழு மணிக்கு அந்தத் தெரு காலியாக, பெருக்கித் தள்ளின தழைகளோடு, வேறு ஏதோ ஊர் மாதிரி இருந்தது. பழைய பிளாட்பாரக் கடைகள் எங்கே போயின என்று ஒரு அம்மா கேட்டார். பக்கத்தில் கட்டிடம் கட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அங்கிருந்து ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினோம். எனக்கு இந்த நடையில் மனதில் நின்றது அங்கே பார்த்த ஒரு வீடு. இரண்டு பக்கமும் ஆறு மாடி ஜவுளிக் கட்டிடம், நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பழைய வீடு. கேட் தூணில் கல்லில் செதுக்கின பெயர், சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு அடித்து எழுத்து நிரம்பி, கடைசி இரண்டெழுத்து மட்டும் தெரிகிறது. உள்ளே ஒரு மாமரம், அதன் அடியில் கிணறு, கிணற்றின் மேல் இரும்பு வலை, வலையின் மேல் யாரோ போர்வை காயப்போட்டிருக்கிறார்கள். கார் நிறுத்தம் மணிக்கு இவ்வளவு என்று கேட்டில் ஒரு அட்டை. கிரவுண்டு கணக்கில் மனை வாங்கி, முன்னால் தோட்டம், பின்னால் கிணறு என்று கட்டின வீடுகள்தான் இந்த ஊரே, அதில் மிச்சம் நிற்பவை இப்படிக் காருக்கு நிழல் கொடுத்துச் சம்பாதிக்கின்றன. என் மகள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள், காவலாளி விடவில்லை. "தண்ணி இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். "கையை விட்டா எடுக்கலாம்மா" என்றார் அவர், கோடையிலுமா என்றதற்குத் தலையாட்டினார். ஏரியை வடித்தாயிற்று என்று காகிதத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

கைடுக்கு இந்தக் கிணறு கண்ணிலேயே படவில்லை. அது மட்டுமா, அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆதங்கம். வெங்கடநாராயணா சாலையில் நடந்துபோகும்போது மாம்பலம் கால்வாயைத் தாண்டினோம். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி, தி.நகரை ஊடறுத்து, சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் போய்ச் சேர்கிற கால்வாய் அது. ஏரிக்குப் பதிலாக நமக்கு மிஞ்சியது அதுதான், இந்த ஊரின் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்க வேண்டும். 2021 நவம்பர் மழையில் தி.நகர் நாள் கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றதே, அப்போது எல்லார் வாயிலும் அடிபட்ட பெயரும் அதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார்கள், கைடு அப்போது எந்த நடிகர் எந்தத் தெருவில் இருந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏரியில் ஆரம்பித்த நடை, அந்த ஏரி இன்றைக்கு எந்த வடிவத்தில் உயிரோடு இருக்கிறது என்று காட்டாமலே அதன் மேலேயே நடந்துபோய்விட்டது. கூட வந்த ஒரு பெரியவர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவராம், எங்கள் மூன்று நாலு பேரிடம் மட்டும் கையைக் காட்டி, "இதான் சார் மிச்சம்" என்றார். 600 ரூபாய் அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

சினிமாக்காரர்கள், தலைவர்கள் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவரும் வேகமாகத்தான் சொன்னார். திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் கடைசி வரை இருந்த வீடு, 1975 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தது அங்கேதான், இப்போது நினைவில்லம். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவில்லம். பசுல்லா ரோட்டில் ராஜாஜி இருந்திருக்கிறார். தணிகாசலம் சாலையில் இந்தி பிரசார சபா, 1946 ஜனவரியில் காந்தி வந்து தங்கினது அங்கே. இவற்றில் எதற்கும் உள்ளே அழைத்துப் போகவில்லை, காலை நேரத்தில் திறந்திருக்காது என்பது நியாயம்தான், ஆனால் படத்தை டேப்லெட்டில் காட்டுவதற்கு நான் தெருவுக்கு வர வேண்டுமா?

காபி, ஒரு சின்ன மெஸ்ஸில். டிகாக்‌ஷன் நன்றாக இருந்தது, டபராவில் கொடுத்தார்கள், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிவறைக்கு ஏற்பாடு கிடையாது. மூன்று மணி நேர நடை, வயதானவர்கள் வருகிறார்கள், இதை யோசிக்காமல் எப்படி ஒரு சேவை நடத்துகிறார்கள் என்று தெரியவில்லை. மெஸ்காரர் பெண்களை மட்டும் பின்பக்கம் விட்டார், அவருக்குத்தான் நன்றி.

காபிக்கு அப்புறம் கடைகளின் கதை. இது எப்படி வீடுகளின் ஊராக இருந்து கடைகளின் ஊராக ஆனது என்பதற்கு அவர் இரண்டு காரணம் சொன்னார், இரண்டும் சரி. ஒன்று, 1928இல் நல்லி சின்னசாமி செட்டி காஞ்சிபுரம் பட்டோடு இங்கே கடை போட்டது. இரண்டு, 1931இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. ரயில் வந்ததும் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் கடை என்கிற கணக்கு விழுந்துவிட்டது, கல்யாணப் புடவைக்கு வந்தவள் அங்கேயே நகையும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஊர் திரும்பலாம். பிற்பாடு தெற்கு மாவட்டத்து வியாபாரிகள் வந்து ரங்கநாதன் தெருவைப் பிடித்த பிறகு அதன் வேகமே வேறு. ஸ்டேஷன் வாசலுக்கும் உஸ்மான் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு குட்டித் தெரு, தீபாவளிக்கு முன் ஞாயிற்றுக்கிழமை அதில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

நாங்கள் போனபோது எட்டே முக்கால், பாதி ஷட்டர் இன்னும் இறங்கியிருந்தது. ஒரு பெரிய கடையின் பக்கவாட்டுக் கதவில் பெண்பிள்ளைகள் ஒரே நிறச் சேலையில் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், பதினெட்டு இருபது வயசு, தலையில் ஈரம் காயவில்லை, ஒருத்தி கையில் இட்லிப் பொட்டலத்தை நடந்துகொண்டே சாப்பிட்டு முடித்தாள். என் மகள் வயசுதான். கைடு அவர்கள் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு சதுர அடி விலை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊர் இப்போது எப்படிப்பட்டவர்களால் ஆனது என்று கேட்டால் பதில் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் பலர் விற்றுவிட்டு அடையாறு, அண்ணா நகர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள், தி.நகரில் ராத்திரி படுத்துத் தூங்குகிறவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கடைப் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது வடக்கேயிருந்து வருகிற பையன்கள் எத்தனை பேர். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற இவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள், அந்தச் சட்டத்தை இந்தத் தெருவில் நின்று சொன்னால் எவ்வளவு பொருத்தம்! நீதிக்கட்சிக்காரர்களின் பெயருக்கு ஒன்றரை மணி நேரம், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. நடை முடிந்தபின் அவரிடமே சொன்னேன், கோபமாக இல்லை. "நல்ல பாயின்ட் மேடம்" என்று குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டது நிஜம், பார்த்தேன்.

கடைசியாக மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு. "இதோட தி.நகர் முடிஞ்சுது, எல்லாருக்கும் நன்றி" என்றார். மணி ஒன்பது கூட ஆகவில்லை, சொன்ன மூன்று மணி நேரத்தில் அரைமணி மிச்சம். எனக்குச் சுருக்கென்றது. முடிந்ததா? இந்த நகரைக் கட்டியபோது தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே மாம்பலம்தான் இருந்தது, தி.நகர் அப்புறம் ஒட்டிய பெயர். ஒரே ஊர், நடுவில் ரயில். கிழக்கே சர்க்கார் அளந்து போட்ட மனை, அகலச் சாலை, பூங்கா. மேற்கே பழைய கிராமம் அதன் போக்கில் வீங்கின தெருக்கள், வாடகை குறைவு, அதனால் அந்தப் பக்கத்து ஆபீஸ்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் குடிவந்தார்கள். குமாஸ்தா, வாத்தியார், சமையல்காரர், புரோகிதர், அச்சாபீஸ் காரர். யானைக்கால் நோய்க்குப் பேர்போன இடம், மாம்பலம் கொசு என்றாலே ஊர் சிரிக்கும், அதற்காகவே ஐம்பதுகளில் பப்ளிக் ஹெல்த் சென்டர் இங்கே வந்தது, இன்றைக்கும் சுற்றுவட்டாரத்து ஏழைபாழை அங்கேதான் நிற்கிறது. அந்தப் பக்கத்தின் தண்ணீர்ச் சங்கடத்தில் ஒரு பங்கு எப்போதும் இந்தப் பக்கத்துக்கும் உண்டு, துரைசாமி சப்வே நிரம்பினால் இரண்டு ஊரும் உறவு முறிந்த சம்பந்தி மாதிரி நின்றுவிடும். சின்ன வயசில் அதில் தண்ணீர் நின்றால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வானத்தைவிட அதிகமாக அந்த சப்வேயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ரயில்வே பெரியவரும் நானும் இன்னும் ஐந்து பேரும் மிச்சமிருந்த அரைமணிக்கு நாங்களாகவே ஒரு நடை போட்டோம். முதலில் ஆகாய நடைபாதை. 2023 மே மாதம் திறந்தார்கள், பஸ் ஸ்டாண்டையும் ரயில்வே ஸ்டேஷனையும் இணைக்கிறது, 570 மீட்டர். மேலேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, கிழக்கே கட்டம் போட்ட மாதிரி தெருக்கள், மேற்கே கோலத்தில் கையெடுக்காமல் இழுத்த கோடு மாதிரி தெருக்கள். கைடு கையில் வைத்திருந்த வரைபடம் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. பெரியவர் ஒரு இடத்தில் நின்று, "ஏரி அந்தாண்ட, கிராமம் இந்தாண்ட, நடுவுல நாங்க" என்றார். நாங்க என்றால் ரயில்வே. கொஞ்சம் கர்வம் இருந்தது, இருக்கட்டும்.

மேற்கே இறங்கி ஆரிய கௌடா ரோடு. அயோத்தியா மண்டபத்தில் ஏதோ பாராயணம், வாசலில் செருப்புக் குவியல், பக்கத்தில் பூக்கடை, வாழை இலைக் கட்டு, பித்தளைச் சாமான். அந்தப் பக்கம் ஷட்டர் திறக்கிற நேரத்தில் இந்தப் பக்கம் பாதி நாள் ஓடிவிட்டிருந்தது, காய்கறிக்காரர் கடையைக் கட்டுகிற யோசனையில் இருந்தார். கூட வந்த ஒரு ஐ.டி. தம்பதி, பெருங்குடியிலிருந்து வந்தவர்கள், "இவ்ளோ பக்கத்துல இப்படி ஒரு இடமா" என்று வாயைப் பிளந்தார்கள். அப்புறம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் லேக் வியூ ரோடு பலகையைக் காட்டினேன். ஏரியும் இல்லை, வியூவும் இல்லை, எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு எல்லாருமே சிரித்த படம் அது ஒன்றுதான்.

சரி, போகலாமா வேண்டாமா? தி.நகரில் புடவை மட்டும் எடுத்துப் பழகினவர்கள், சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள், கண்டிப்பாகப் போகலாம். முதல் ஒரு மணி நேரம், ஏரியும் பெயர்களும், காசுக்கு வஞ்சனையில்லை. பையன் படித்துவிட்டுத்தான் வருகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், தப்பைச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை, இது பெரிய விஷயம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்றால் 600 ரூபாய் கொஞ்சம் அதிகம், 400க்குச் சரியாக இருக்கும், இல்லையென்றால் கழிவறையும் நல்ல கருவியும் கொடுத்துவிட்டு 600 வாங்கட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் வெங்கடநாராயணா சாலைப் பகுதியைத் தவிர்த்துவிட்டு மெஸ்ஸில் சேர்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பத்து வயசுக்கு மேல் கூட்டிப்போங்கள், அதற்குக் கீழே பெயர்ப் பட்டியலில் தூங்கிவிடும். ராத்திரி படுக்கும்முன் வாட்ஸ்அப்பை ஒருதரம் பார்த்துவிடுங்கள். நான் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அந்த அரை, கிணற்றுக்காரக் காவலாளிக்கு.

திங்கட்கிழமை குரூப்பில் கருத்துக் கேட்டுச் செய்தி வந்தது, அடுத்த நடை நுங்கம்பாக்கமாம், லேக் ஏரியாவில். மழைக்காலத்தில் வையுங்கள், கால்வாயையும் காட்டுவதாக இருந்தால் ஏழு பேராக வருகிறோம் என்று போட்டேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.